பிஸ்தாவுக்குச் சர்க்கரை இறங்கிய நாள்

இன்ஷா டல்லாஸுக்குப் படிக்கப் போனபோது, தன் ஃபெரட் பிஸ்தாவை ரவுண்ட் ராக் ஊரிலுள்ள வீட்டிலேயே விட்டுப்போனாள். கீரியைப் போல நீண்ட உடம்புள்ள பிராணி. வயது ஆறு, ஃபெரட்டுக்கு அது கிழப்பருவம். அவளுடைய அத்தா அன்வர் பாட்சாவுக்கு அதன் வாடையே ஆகாது. தீனி வைப்பதெல்லாம் அவர் மனைவி ஹபீஸாதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹபீஸா வேலைக்குப் போன பிறகு, காபி எடுக்க வந்த அன்வர் அதைப் பார்த்தார். பிஸ்தாவின் வாயில் எச்சில் ஒழுகியது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு இரண்டடி நகர்ந்து, அப்படியே சரிந்தது. கண் எங்கோ வெறித்தது.

உடனே மகளுக்கு வீடியோ கால் போட்டார்.

"அத்தா, ஹனி! கம்ஸ்ல தடவுங்க! டோன்ட் போர் இட்!"

வாயில் ஊற்றாமல், பஞ்சுக் குச்சியில் தேனைத் தொட்டு அதன் ஈறில் தடவினார். "எந்திரிடா... எந்திரி ராஜா." ஐந்தாறு நிமிடத்தில் பிஸ்தா நாக்கைச் சுழற்றியது. பிறகு தலையைத் தூக்கி, அவர் விரலை முகர்ந்தது. அன்வர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கணையத்தில் சின்னக் கட்டி; அது இன்சுலினை அதிகமாகச் சுரப்பதால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுகிறது. தினம் இரண்டு வேளை மருந்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இறைச்சி உணவு. தேன் ஆபத்துக்கு மட்டும். கவனமாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பல மாதங்கள் சந்தோஷமாக இருக்கும் என்றார்.

அன்வருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். "எனக்கு ஏறுது, இவனுக்கு இறங்குது" என்று ஹபீஸாவிடம் சொன்னார். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் என்பதால் பொறுப்பு அவரிடமே வந்தது. கோழியை வேகவைத்து, மிக்ஸியில் அரைத்து, கரண்டியில் ஊட்டினார். ஆபீஸ் மீட்டிங்கில் மடியில் பிஸ்தா குறட்டை விட்டது.

"என் மாத்திரைய ஒரு நாளாச்சும் இப்டி ஞாபகமா எடுத்துக் குடுத்திருக்கீங்களா?" என்றாள் ஹபீஸா.

"நீ வாய் தொறந்து கேப்ப. இவன் கேப்பானா?"

நவம்பர் விடுமுறைக்கு வந்த இன்ஷா, பிஸ்தா பக்கவாட்டில் துள்ளித் துள்ளி ஆடுவதைப் பார்த்துக் கைதட்டினாள். வாலில் முடி கொஞ்சம் கொட்டியிருந்ததே தவிர, ஆள் உற்சாகமாகத்தான் இருந்தான்.

"ஐ காட் மை ஓன் அபார்ட்மென்ட், அத்தா. ஐ கேன் டேக் ஹிம் நவ்."

அன்வர் முகம் சுருங்கியது. "நீ கிளாஸுக்குப் போயிட்டா பதினோரு மணிக்கு யாரு சாப்பாடு குடுப்பா? மயங்கி விழுந்தா யாரு பாப்பா? அதெல்லாம் செட் ஆகாது."

இன்ஷா உம்மாவைப் பார்த்தாள். ஹபீஸா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஓகே, ஓகே. ஹி ஸ்டேஸ்" என்றாள் இன்ஷா. "பட் டீச் மீ. அந்த சிக்கன் எப்டி பண்றீங்க?"

அன்வர் ஏற்கெனவே குக்கரை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். "உப்பு மட்டும் போடக் கூடாது, பாத்துக்க" என்று ஆரம்பித்தார்.