முகட்டு வளை

கல்முனைக்குடியில் வாப்பா கட்டிய வீட்டை, நடுச்சுவரை எல்லையாக வைத்து, இரண்டு மகள்மாருக்கும் சீதனமாகக் கொடுத்திருந்தார்கள். வடக்குப் பாதி மூத்தவள் ஸஹ்றாவுக்கு. தெற்குப் பாதி இளையவள் அப்ராவுக்கு. சுவர் வீட்டை இரண்டாக்கியதே தவிர, கூரை ஒன்றாகத்தான் கிடந்தது.

ஸஹ்றாவின் புருஷன் பக்கீர் கட்டாரிலிருந்து வந்ததும் தன் பாதியை இடித்து மாடி கட்டப் போவதாகச் சொன்னான். அப்ராவின் புருஷன் முபீன் ஓடாவி, மரவேலை செய்பவன். அவன் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் சொன்னான்.

கூரையின் உச்சியில் ஓடும் முகட்டு வளை ஒரே மரமல்ல, இரண்டு மரம். நடுச்சுவருக்கு மேலே இரண்டின் நுனியையும் பாதித் தடிப்புக்கு வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றைப் படுக்க வைத்து, மர ஆணி இறுக்கி மூட்டியிருந்தார்கள். கீழே கிடப்பது ஸஹ்றாவின் மரம். மேலே கிடப்பது அப்ராவின் மரம். கீழ் மரத்தை உருவினால் மேல் மரம் தொங்கிப்போகும்.

“நான் முட்டுக் குடுத்து மூட்டைக் கழட்டித் தாறன் காக்கா. அதுக்குப் பொறகு இடிங்க. கையில இரிக்கிற வேல முடியட்டும்,” என்றான், அண்ணன் முறையான பக்கீரிடம்.

“என்ட வீட்ட இடிக்க ஒண்ட உத்தரவு வேணுமா?” என்றான் பக்கீர்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. நோன்புக் கஞ்சிகூடச் சுவரைத் தாண்டவில்லை.

முபீன் சாய்ந்தமருதுக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் பக்கீர் கூலியாட்களோடு வந்து ஓடு பிரித்தான். அப்ரா காதைப் பொத்திக்கொண்டு சமைத்தாள். அவர்கள் வீடு, அவர்கள் ஓடு. ஆனால் மரம் அறுக்கும் மெஷின் இரைந்து, அவளுடைய சோற்றுப் பானைக்குள் மரத்தூள் விழுந்தபோது அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். ஓர் ஆள் ஏணியில் நின்று மூட்டுக்கு நேரே மெஷின் வாளை வைத்திருந்தான்.

முபீனுக்குப் போனில் கோல் எடுத்து, “வளைய அறுக்கிறாங்க, வாங்க” என்று மட்டும் சொன்னாள். பிறகு வடக்குப் பக்கம் போய், சாய்த்து வைத்திருந்த இன்னொரு ஏணியை நடுச்சுவரில் நிறுத்தி, முக்காட்டை இழுத்து இறுக்கிக்கொண்டு ஏறினாள். நாற்பது வயதுக்கு மேல் அவள் எதிலும் ஏறியதில்லை. சுவரின் உச்சியில் உட்கார்ந்து மூட்டின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“இப்ப அறுங்க.”

கூலியாள் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டான்.

“எறங்கு புள்ள, மானம் போகுது!” என்று பக்கீர் கத்தினான். வேலிக்கு வெளியே ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். ஸஹ்றா ஓடி வந்தாள்.

“எறங்குடி! ரோட்டுல போறவனெல்லாம் பாக்கிறான்.”

“பாக்கட்டும். என்ட கூரை விழுறதையும் சேத்துப் பாக்கட்டும்.”

“எரிச்சல்டி ஒனக்கு. நாங்க மாடி கட்டுறது ஒனக்குப் பொறுக்கல்ல.”

“நீ பத்து மாடி கட்டு ராத்தா. என்ட தலைக்கு மேல கைய வெக்காத.”

“ஒண்ட புருஷன் வேணுமெண்டு இழுத்தடிக்கிறான். ஓடாவியெண்டா பெரிய இவனா?”

அப்ரா மற்றக் கையையும் மூட்டின்மேல் வைத்தாள். ஸஹ்றாவுக்கு அதுதான் கூடுதலாகச் சுட்டது. அவளே ஏணியில் ஏறினாள். உச்சிப் படியில் நின்று தங்கச்சியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் ஏணி ஒருபக்கமாகச் சறுக்கியது.

அப்ரா குனிந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். மற்றக் கை வளையைச் சுற்றிக்கொண்டது. ஸஹ்றாவின் கால்கள் காற்றில் உதைத்தன.

“கைய விடுடி, நோகுது!”

“விட்டா விழுவாய்.”

கூலியாட்கள் ஓடிவந்து ஏணியைத் திரும்ப அண்டக்கொடுக்கும்வரை அப்ரா விடவில்லை. நகம் பதிந்தது தெரிந்தும் விடவில்லை. அந்த நேரத்தில் அவளுக்குப் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. இவள் விழக்கூடாது, அவ்வளவுதான்.

முபீன் வந்து சேர்ந்தபோது இரண்டு பேரும் கீழே, ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். அவன் ஏறி, மூட்டின் ஓரத்தில் வாள் கீறிய தடத்தை விரலால் தடவிப் பார்த்தான். இறங்கித் தன் பக்கத்து வளைக்குக் கீழே கட்டை முட்டுக் கொடுத்தான்.

“ஒங்கட பக்கமும் ஒரு முட்டு வைங்க,” என்றான் பக்கீரின் முகத்தைப் பாராமல்.

கூட்டத்துக்கு முன்னால் இனி வாளை எடுக்க முடியாது என்று பக்கீருக்குத் தெரிந்திருந்தது. வைத்தான். முபீன் மர ஆணிகளைக் கீழிருந்து தட்டி வெளியேற்றினான். பழைய ஆணி, லேசில் அசையவில்லை. பிறகு பக்கீரும் கூலியாட்களும் வடக்கு மரத்தைத் தாங்கிப் பிடிக்க, முபீன் தன் மரத்தை மயிரளவு நெம்பினான்.

“இழுங்க.”

கீழ் மரம் உருவிக்கொண்டு வந்தது. இடைவெளியில் முபீன் கனமான ஒரு பாலைமரத் துண்டைச் செருகினான். அவனுடைய கூரை இருந்த இடத்தில் இருந்தது. ஓர் ஓடுகூட நகரவில்லை. இரண்டு ஆண்களும் ஸலாம் சொல்லாமலே பிரிந்தார்கள்.

அடுத்த நாள் ஸஹ்றா மணிக்கட்டில் எண்ணெய்த் துணி சுற்றிக்கொண்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போனாள். என்ன காயம் என்று கேட்டவர்களிடமெல்லாம், சுவர் உச்சியில் வைத்துத் தங்கச்சி தன்னைத் தள்ளிவிடப் பார்த்ததாகச் சொன்னாள். கதை அஸர் தொழுகைக்கு முன்பே அப்ராவின் வாசலுக்கு வந்துவிட்டது.

“நான் போய்க் கதைக்கட்டுமா? வேலிக்கு வெளிய நிண்ட சனம் கண்டதுதானே,” என்று முபீன் கேட்டான்.

“வேணாம்.”

“பொய்யல்லவா சொல்றா?”

“ஓம், பொய்தான்.” அப்ரா பாதி அரிந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “கீழ விழாம நிண்டுதானே சொல்றா. சொல்லட்டும்.”

ஆனால் அன்று பின்னேரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஸஹ்றாவின் குரல் கேட்டபோது, அவள் எழுந்து போய் ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.