வழவழப்பு

என் மனைவி பஞ்சவர்ணம் செத்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என் அக்கா பொன்னியம்மா குவார்ட்டர்ஸ் வீட்டைக் கழுவிவிட்டாள். தீட்டாம். பஞ்சவர்ணம் மீன் வளர்த்த தொட்டியையும் அக்கா விட்டுவைக்கவில்லை. அடியில் கிடந்த கூழாங்கல்லையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றி, மீன்களைத் திரும்ப விட்டாள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஒரே வாரத்தில் ஆறு மீனும் செத்து மிதந்தன.

அக்காவைத் திட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. மீன்களை அள்ளி வெளியே போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.

பஞ்சவர்ணம் அந்தக் கல்லைத் தேய்க்கவே விடமாட்டாள். அதில் படியும் வழவழப்பில் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கிறது, மீன் கழிவின் விஷத்தை அதுதான் தின்கிறது என்பாள். நான் பேப்பரை மடிக்காமலே தலையாட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ஜமீலா ஒரு கிண்ணத்தோடு வந்தாள். உள்ளே பாசி பிடித்த கற்கள்.

"போன வருசம் நான் புதுசா தொட்டி வெச்சப்போ பஞ்சவர்ணக்கா குடுத்த கல்லுண்ணே. இத்த உங்க தொட்டில போடுங்க. மொதல்ல ஒரே ஒரு மீன் வுடுங்க, போவப் போவ சேத்துக்கலாம்."

கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் வைத்தேன். விரலெல்லாம் வழவழவென்று ஒட்டியது. அக்கா சோப்பும் செம்புமாக வந்து நின்றாள்.

"கைய கழுவு தம்பி, அழுக்கு."

"கழுவுனதெல்லாம் போதும்க்கா!" என்று கத்திவிட்டுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.