கர்ட்டன் அக்காவின் பகல் விளக்கு

கர்ட்டன் அக்காவின் காருக்குப் புதுக் கண் வைத்த கதை தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆளுக்கு ஒரு மாதிரி தெரியும். மூலைக் கடையில் விசாரித்தால் கார் தீப்பிடித்தது என்பார்கள். மாடி வீட்டில் விசாரித்தால் புருஷனும் தம்பியும் கைகலந்தார்கள் என்பார்கள். இரண்டும் நடக்கவில்லை. நடந்திருந்தால் வேடிக்கை பார்க்க ஆள் திரண்டிருக்காதா?

அக்கா வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். தையல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அளவெடுக்கப் போவதுதான் பெரும்பாடு. கார் இருந்தது, ஓட்ட உரிமம் இல்லை. அதனால் புருஷன் வர வேண்டும், இல்லாவிட்டால் தம்பி வர வேண்டும். புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். "இதோ கிளம்பிட்டேன்" என்று அவர் போனில் சொன்னால், இன்னும் யாரோ ஒருத்தர் அவர் முன்னால் உட்கார்ந்து எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் அக்காவைக் கூட்டிப்போகக் கிளம்பும்போதெல்லாம் ஊரில் எங்கோ ஒரு லிஃப்டில் யாரோ மாட்டிக்கொள்வார்கள். கழுத்தில் அளவு நாடாவோடு அக்கா வாசலில் நிற்கும் காட்சி தெருவுக்குப் பழகிப்போனது. தபால்காரர் அவளைப் பார்த்து, "இன்னைக்கு அவரா, தம்பியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இந்த நிலையில்தான் சந்தைக்குப் பின்னால் புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் அத்தனை ஜன்னலுக்கும் திரை போடும் வேலை அவளைத் தேடி வந்தது. "தினம் வந்து போகணும், முடியுமா?" என்று கேட்டார்கள். "என்கிட்ட கார் இருக்கு" என்றாள் அக்கா. பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

ஓட்டுநர் தேர்வில் அவள் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். முதல் முறை பின்னால் எடுக்கும்போது அடையாளக் கம்பத்தைச் சாய்த்தாள். இரண்டாம் முறை ஹேண்ட்பிரேக்கை விடாமலே வண்டியை எடுத்து, கருகிய நாற்றத்தோடு மைதானத்தைச் சுற்றி வந்தாள். மூன்றாவது தேர்வு வரும் வெள்ளிக்கிழமை. அதிலும் தவறினால் ஆறு மாதம் விண்ணப்பிக்கவே முடியாது. அடுக்குமாடிக்காரர்கள் அதுவரை ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு காத்திருப்பார்களா?

அந்த நேரம் பார்த்துத்தான் புருஷனுக்குக் காரின் முகவிளக்குமேல் கண் போனது.

"புரை விழுந்திருக்கு," என்றார், மஞ்சளாய் மங்கியிருந்த விளக்கு மூடியைத் தட்டிப் பார்த்து. "இதைத் துடைச்சா போகாது. மாத்தத்தான் வேணும்."

"துடைச்சே பாக்கலையேங்க நீங்க."

"முப்பது வருஷமா கண்ணு பாக்கறேன். எனக்குத் தெரியாதா?"

மறுநாளே ஒரு ஜோடி புது விளக்கோடு வந்து இறங்கினார். பளிங்கு மாதிரி மூடி. உள்ளே புருவம் போல ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் பகல் விளக்காம். பகலில் வண்டி ஓடும்போது தானாக எரியுமாம், எதிரே வருகிறவர்களுக்கு வண்டி பளிச்சென்று தெரியுமாம். பழைய விளக்கில் அந்தக் கோடு கிடையாது. ஆகவே அதற்கு மின்சாரம் கொடுக்கப் பழைய காரில் வழியும் கிடையாது. புது விளக்கின் முதுகில் ஒரு சிவப்பு வயரும் ஒரு கறுப்பு வயரும் போக்கிடம் இல்லாமல் தொங்கின.

தம்பி வந்து பார்த்தான். முகம் எட்டு முழத்துக்குத் தொங்கியது. தன் சிநேகிதனிடம் சொல்லித் தானே விளக்கு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தானாம். எப்போது சொன்னான் என்று கேட்டால், மனதுக்குள் சொல்லியிருந்தானாம்.

"அக்கா, மாமாகிட்ட கேளு. வயரிங் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு விளக்கு வாங்கறாங்கன்னு."

மாமா மூன்றடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"உன் தம்பிகிட்ட சொல்லு. இது லிஃப்ட் இல்ல, பட்டனை அமுக்கினதும் மேல போறதுக்கு."

"டேய், நீ சும்மா இரு. என்னங்க, நீங்களும்தான். பேசாம கடையில விட்டுடலாமே?"

"இதுக்குப் போய்க் கடையா!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

கடைசியில் பாகப்பிரிவினை நடந்தது. இடது விளக்கு புருஷனுக்கு, வலது விளக்கு தம்பிக்கு. ஒருவர் வேலையை ஒருவர் எட்டிப் பார்க்கக் கூடாது. அக்கா நடுவில் நின்று இரண்டு பக்கமும் திருப்புளி எடுத்துக் கொடுத்தாள். இதைத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் செய்திருக்க மாட்டார்கள். ஒரு காருக்கு இரண்டு மெக்கானிக், இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

தம்பி தன் தொழில் புத்தியைக் காட்டினான். லிஃப்டுக்குள் விளக்கு அணையவே கூடாது. கரண்ட் போனாலும் எரிய வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் அலறிவிடுவார். அந்தப் பழக்கத்தில் சிவப்பு வயரை நேராக பேட்டரியில் கொண்டுபோய்க் கட்டினான். புருஷனும் தன் தொழில் புத்தியைக் காட்டினார். ஒரு கண்ணைச் சோதிக்கும்போது மறு கண்ணை மூடிவிட வேண்டும். அதனால் வலது பக்கம் என்ன நடக்கிறது என்று அவர் திரும்பியே பார்க்கவில்லை. தன் பக்கம் கைக்குக் கிடைத்த ஒரு வயரோடு சிவப்பு வயரை முறுக்கி டேப் சுற்றினார். அது இண்டிகேட்டருக்குப் போகும் வயர்.

அன்று சாயங்காலம் அக்கா பக்கத்தில் புருஷனை வைத்துக்கொண்டு பழகப் போனாள். திரும்பி வந்து தெருவுக்குள் நுழைய இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டாள். எதிர்வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் கையிலிருந்த குழாய் தன் பாட்டுக்கு வேட்டியை நனைத்தது. கார் வலது கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு இடது கண்ணை அவரைப் பார்த்து மூடி மூடித் திறந்தது.

"ஏம்மா," என்றார், வண்டி நின்றதும். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க காரு என்னைப் பாத்துக் கண்ணடிக்குது."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடி வந்தாள். "யாரு? யாரு கண்ணடிக்கறது?"

"காரு."

"உங்களையா?" என்று மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மேலாளருக்கு அதுதான் பெரிய அடி.

மறுநாள் காலை வண்டி கிளம்பவே இல்லை. ராத்திரி முழுக்க ஒற்றைக் கண்ணால் விழித்திருந்ததில் பழைய பேட்டரி உயிரை விட்டிருந்தது. அக்கா சாவியைத் திருப்பினாள். ஒரு இருமல். மறுபடி திருப்பினாள். அதுவும் இல்லை. தேர்வுக்கு வரும் வண்டியில் இருக்கிற விளக்கு எல்லாம் ஒழுங்காக எரிய வேண்டும், ஒன்று பழுதானாலும் தேர்வு கிடையாது என்று விண்ணப்பத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவள் ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஹார்ன் மட்டும் அடிக்குமோ என்று பயந்தாள். அதற்கும் கரண்ட் இல்லை.

தலையை நிமிர்த்தியபோது அவள் முகத்தைப் பார்த்து, வெளியே நின்ற புருஷனும் தம்பியும் ஓரடி பின்வாங்கினார்கள்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க. ஒரே பக்கம் நில்லுங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்."

நின்றார்கள், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மாதிரி.

"ஒரு ஜன்னலுக்கு ரெண்டு திரை போட்டா எத்தனை கயிறு வைப்பேன் நான்?"

"ஒண்ணு," என்றான் தம்பி.

"ஏன்?"

"ஒண்ணை இழுத்தா ரெண்டும் சேந்து வரணும்ல."

"அப்புறம் என் காருக்கு மட்டும் எதுக்குடா ரெண்டு கயிறு? அவுருங்க ரெண்டையும்!"

அவிழ்த்தார்கள். பக்கத்துத் தெரு டாக்சிக்காரரிடம் பேட்டரிக்கு உயிர் கடன் வாங்கி வந்தான் தம்பி. பிறகு நடந்ததை மதில்மேல் ஏறிப் பார்த்தவர்கள்கூட நம்பவில்லை. ஃப்யூஸ் பெட்டி மூடியில் கடுகைவிடச் சின்னதாக அச்சடித்திருந்ததைப் புருஷன் கடை லென்ஸை வைத்துப் படித்துச் சொன்னார். அவர் சொன்ன இடத்தில் கரண்ட் வருகிறதா என்று தம்பி டெஸ்ட் லைட்டால் தொட்டுப் பார்த்தான். அக்கா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள், அணைத்தாள். சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற ஒரு இணைப்பு ஒருவழியாகச் சிக்கியது. அதிலிருந்து ஒரே வயர், நடுவில் தானாகத் திறந்து மூடும் சுவிட்சாக ஒரு ரிலே, அங்கிருந்து இரண்டு விளக்குக்கும் கிளை.

"முடிஞ்சுதுக்கா," என்றான் தம்பி.

"முடியல. ஹேண்ட்பிரேக் போட்டிருக்கும்போது இது எரியக் கூடாது. விட்டாதான் எரியணும். முடியுமா?"

"முடியும். பிரேக்குக்குக் கீழ ஒரு சுவிட்ச் இருக்கு, மீட்டர்ல சிவப்பு விளக்கு எரியவைக்கறதுக்கு. அதைக் கொண்டுவந்து ரிலேல கொடுத்துடலாம். எதுக்கு?"

"அந்தச் சிவப்பு விளக்கை நான் எங்கடா பாக்கறேன்? ரோட்டைத்தானே பாக்கறேன். முன்னாடி சுவரோ வண்டியோ எது நின்னாலும் அதுல வெளிச்சம் விழுந்தா பிரேக் விட்டாச்சு. விழலைன்னா விடல. அவ்வளவுதான்."

புருஷன் லென்ஸை இறக்கினார். "மச்சான், இது நல்லாத்தான் இருக்கு," என்றார். மூன்றடி தூரத்திலிருந்து நேராகவே சொன்னார். தம்பி பிடிகொடுக்கவில்லை. "அக்கா, மாமாவை அந்த டேப்பை எடுக்கச் சொல்லு," என்றான். ஆனால் குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் ஆய்வாளர் அம்மாள் கறுப்புக் கண்ணாடியும் அட்டையும் பேனாவுமாக நின்றார். அக்காவுக்கு அந்தக் கண்ணாடியைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. போன தடவை கருகிய நாற்றத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே அம்மாள்.

கம்பி வேலிக்கு வெளியே புருஷனும் தம்பியும். வெளியிலிருந்து யாராவது குரல் கொடுத்து உதவினால் தேர்வு அந்த இடத்திலேயே ரத்து என்று பலகை தொங்கியது.

"முன் விளக்கு."

போட்டாள். எரிந்தது.

"இண்டிகேட்டர்."

போட்டாள். எதுவும் கண்ணடிக்கவில்லை. இண்டிகேட்டர் மட்டும் மின்னியது.

"எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க. ம்… பகல் விளக்கு எரியலையே?"

நேற்று எரிந்ததே! காலையில் எரிந்ததே! சாவியை அணைத்துத் திருப்பினாள். எரியவில்லை. அந்த அம்மாளின் பேனா அட்டையை நோக்கி இறங்கியது.

வேலிக்கு வெளியே தம்பி வாயைத் திறந்தான். "ஹே…" என்று காற்று மட்டும் வந்தது. அதற்குள் மாமாவின் கை அவன் வாயைப் பொத்திவிட்டது. அடுத்த நொடி மாமாவுக்கே தாங்கவில்லை, அவருடைய வாய் திறந்துகொண்டது. தம்பி எட்டி அதைப் பொத்தினான். இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு, நான்கு கண்ணும் பிதுங்க, வேலியோரம் ஒரே ஆளாக நின்றார்கள். பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் விலகிக்கொண்டார்கள்.

அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எதிரே ஆய்வாளர் அம்மாளின் வெள்ளைப் புடவையைப் பார்த்தாள். அதில் வெளிச்சம் விழவில்லை. வெளிச்சம் விழலைன்னா… அட, என் புத்தியை!

காலால் பிரேக்கை மிதித்தாள். ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். வெள்ளைப் புடவையின் கரை முழுக்கப் பளிச்சென்றது.

ஆய்வாளர் அம்மாள் குனிந்து தன் புடவையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "இது என்ன ஏற்பாடு?"

"ஹேண்ட்பிரேக் விட்டாதான் எரியும் மேடம். நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன். போன தடவை அதை விடாம எடுத்துட்டேன்."

"நீங்களா அது!" கறுப்புக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "அந்த நாத்தம் என் துணியை விட்டுப் போக எத்தனை சலவை ஆச்சு தெரியுமா?" என்றவர், சிரிப்பை அடக்க முடியாமல் கதவைத் திறந்து உட்கார்ந்தார். "சரி, எடுங்க. இன்னைக்காவது மூக்கைப் பிடிக்காம வரேன்."

அக்கா எடுத்தாள். பின்னால் எடுத்தாள், கம்பம் நிமிர்ந்தே நின்றது. மேட்டில் நிறுத்தினாள், வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் நகரவில்லை. இறங்கும்போது அந்த அம்மாள் அட்டையில் போட்ட கையெழுத்து மிக நீளமாக இருந்ததாக அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். பெயர் சின்னதுதான்.

கையில் காகிதத்தோடு மைதானத்தின் வாசலுக்கு ஓட்டி வந்தாள். புருஷன் முன்கதவுப் பிடியில் கை வைத்தார். தம்பியும் அதே பிடியில் கை வைத்தான்.

"நீங்க உக்காருங்க மாமா."

"இல்ல மச்சான், நீ உக்காரு."

இவ்வளவு மரியாதையைப் பார்த்து அக்காவுக்கே சந்தேகம் வந்தது. கார் ஜன்னல் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினாள்.

"ரெண்டு பேரும் பஸ்ல போங்க. எனக்கு அளவெடுக்கற வேலை இருக்கு."

சந்தைக்குப் பின்னால் அந்த அடுக்குமாடியின் நாலாம் மாடியில் நாற்காலிமேல் ஏறி நின்று ஜன்னலுக்குக் குறுக்கே நாடாவைப் பிடித்திருந்தபோது போன் அடித்தது. புருஷன். பின்னால் பஸ் இரைச்சல்.

"இங்க பாரு, நானும் உன் தம்பியும் சேந்து யோசிச்சோம். அந்தப் பின் விளக்கும் கொஞ்சம் மங்கலாத்தான் தெரியுது. மச்சானுக்குத் தெரிஞ்ச இடத்துல ஒரு ஜோடி…"

"சாவி என் பையில இருக்கு," என்றாள் அக்கா. "இனிமே அங்கதான் இருக்கும்."

போனை வைத்துவிட்டு, நாடாவைத் திரும்பவும் முதலிலிருந்து பிடித்தாள்.