கல்லில் வெட்டிய அனஸ்தாசிஸ்

ஒரே மகனை அடக்கம் செய்த அன்றும் வெள்ளைத்துரை அழவில்லை. "விசுவாசம்னா இப்படி இருக்கணும்" என்று சபையார் மெச்சிக்கொண்டார்கள். விசுவாசமாவது ஒன்றாவது! மனுஷருக்கு உள்ளே மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். ஊசி போட்ட பல் மாதிரி, எதைக் கடித்தாலும் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அடையாறில் ஒரு சர்ச் ஹாலில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்றுக்கொடுப்பார். தொண்ணூற்று மூன்று மார்ச்சில் மகன் மஞ்சள் காமாலையில் போனான். அடுத்த வாரமே இவர் வகுப்புக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்து, உயிர்த்தெழுதலைப் பற்றிய சொற்கள்தான் பாடம். 'அனஸ்தாசிஸ்' என்றால் எழுந்து நிற்பது. 'பியோஸ்' என்பது உண்டு உறங்கிக் கழிக்கிற வாழ்வு; 'ஸோயே' என்பது தேவன் தருகிற ஜீவன். குரல் துளிகூடப் பிசகவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் இவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மந்தைவெளி வீட்டில் நவமணி ஒருநாள் சோறு வடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நாமளும் அங்க போனா, அவன் என்னைத் தெரிஞ்சுக்கிடுவானா?"

"'அயோனியோஸ்'னு ஒரு சொல், நவமணி. நித்தியம்னு நாம சொல்லுதோம். அது வெறும் முடியாத காலம் இல்ல. வரப்போற யுகத்துக்கு உரியதுன்னு..."

"நான் என்ன கேட்டேன், நீங்க என்ன சொல்லுதீங்க?"

கஞ்சியைக் கொட்டிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். பாவம், அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு 'ஆமாம்'. வேதத்தில் அப்படி நேராக எழுதியிருக்கவில்லையே என்று இவர் யோசித்துக்கொண்டு நின்றார். யோசிக்கிற நேரமா அது?

கல்லறைக்குக் கல் வைக்கிற பேச்சு வந்தபோது, இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. பக்கத்துத் தெருவில் கல் வெட்டும் கபாலியிடம், தன் கையாலேயே பெரிதாக எழுதிக் கொடுத்தார். மேலே கிரேக்க எழுத்தில் அனஸ்தாசிஸ்; அதற்குக் கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும். முதல் எழுத்தின் தலையில் ஒரு சின்னக் குறி வரும். அது திசை மாறிவிடக் கூடாது என்று அடிக்கடி போய் நின்று கபாலியைப் பாடாய்ப் படுத்தினார்.

"இன்னா சார், கொசு மாரி கீது. இதுக்கா இவ்ளோ?"

"கொசுவா இருந்தாலும் சரியாத் திரும்பி உக்காந்திருக்கணும்பா."

நவமணி பட்டறைக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். போதகர் ஜெபித்தார். கல்லை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். வெள்ளைத்துரை முதலில் குனிந்து அந்தக் குறியைத்தான் பார்த்தார். சரியாக இருந்தது.

நவமணி கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துகளை விரலால் தடவினாள். மேலே தடவினாள், கீழே தடவினாள்.

"இதுல பிள்ளை பேரு எங்கங்க?"

கையில் சிமெண்டோடு நின்ற கபாலிதான் முன்னால் வந்தான்.

"மேல கீதேம்மா. பேரு, அதுக்குக் கீழ தேதி. எல்லாருக்கும் அப்டித்தானே வெட்றது? உங்க வேத பாஷைல பேரு எழுதிக்கீறாருன்னு நெனச்சேன்."

வெள்ளைத்துரை கல்லையே பார்த்தார். பட்டறைக்கு எத்தனை தடவை போயிருப்பார்! ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. அடக்கத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வரவேயில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. 'பையன்', 'தம்பி', 'அவன்' என்றே ஒப்பேற்றியிருக்கிறார். நவமணி ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். ஏசியிருந்தால் தேவலை.

"எடம் கீது சார், மேலயே வெட்டிடலாம்" என்று கபாலி சாக்பீஸை எடுத்துக்கொண்டு மண்டி போட்டான். "பேர் சொல்லு."

போதகர் வாயெடுத்தார். நவமணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவுகளே சொல்லட்டும்."

"ஜெயசிங்" என்றார் வெள்ளைத்துரை.

மாடியில் இருக்கிற பையனைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் வந்துவிட்டது அது. பழக்க தோஷத்தில், "இந்தா வாறேம்ப்பா" என்ற பதிலுக்காகக் காத்து நின்றார். சாக்பீஸ் கல்லில் கீச்சிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மகன் செத்துப்போனான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.