மாட்ரிட்டுக்குப் புறப்பட்ட வாய்க்கால்

1871 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்பெயினின் கிரானடா மலைச்சரிவில் உள்ள பெனாகரின் ஊரின் வாய்க்கால் தண்ணீர் ஒரு கழுதை வண்டியின் பின்னால் மாட்ரிட்டுக்குப் புறப்பட்டது. வண்டியில் இருந்தது, மதகு வாயிலிருந்து பெயர்த்தெடுத்த அரபு எழுத்துக் கல். பெயர்த்தவர் தோன் எவாரிஸ்தோ உர்தியாலெஸ்: சாலைப் பொறியாளர், தொல்பொருள் ஆய்வாளர், அரபு அறிஞர். மூன்று பேரும் ஒரே மேல்கோட்டுக்குள் குடியிருப்பதால் வாடகை மிச்சம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

வயலுக்குத் தண்ணீர் விடும் முறை தொடங்கும்போது ஊரார் அந்தக் கல்லை மண்வெட்டியால் மூன்று தட்டு தட்டித்தான் தண்ணீரைக் கூப்பிடுவார்கள். 'பாமரப் பழக்கம்' என்று அவர் கல்லைப் பற்றிய தம் கட்டுரையில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு போட்டிருந்தார். கல் வந்து சேர்ந்தால் அறிஞர் கழகத்தில் உறுப்பினர் நாற்காலி உறுதி என்று மாட்ரிட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. இருபத்திரண்டு வருடமாக அவர் காத்திருந்த நாற்காலி. தண்ணீர் மேட்டில் ஏறாது என்பதை மூன்று பக்கக் கணக்கில் அவர் நிரூபித்து முடித்தபோது, அது கணவாயின் இரண்டாவது வளைவைத் தாண்டிவிட்டிருந்தது.

நீர்முறை பார்க்கும் கொலாசா வந்து கதவைத் தட்டினாள்.

"கணக்கெல்லாம் சரிதான் எஞ்சினியர் ஐயா. எங்க மிளகாச் செடி பள்ளிக்கூடம் போகலையே, அதுக்கு யாரு சொல்லிப் புரியவைக்கிறது?"

"ஒரு வாரம் பொறு கொலாசா. தானா திரும்பிடும்."

"ஒரு வாரத்துல செடி விறகாயிடும். நீங்க நாற்காலியில உக்காருவீங்க. நாங்க எங்க உக்கார்றது?"

அவருக்குச் சுருக்கென்றது. கோவேறு கழுதையில் ஏறிப் போனார். வழியில் இரண்டு முறை விழுந்தார், இரண்டு முறையும் தண்ணீரில். நான்காம் நாள் வண்டியைப் பிடித்துத் திருப்பினார். தண்ணீர் கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது. சுண்ணாம்பு குழைத்துக் கல்லை அவரே மதகில் பதித்தார், கொஞ்சம் கோணலாக.

கழகம் விடவில்லை. ஆள் அனுப்பிக் கல்லை எடுத்துக்கொள்வதாக எழுதியது. அதைப் படித்துவிட்டு அவர் அழுதார். பிறகு பேனாவை எடுத்தார். கல்லில் இருப்பது எழுத்தே அல்ல, கழுதை உரசிய கீறல்; தம்முடைய நாற்பது பக்கக் கட்டுரை ஒரு மடையனின் வேலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் பாதிதான் பொய், இரண்டாம் பாதியில் தமக்கு மறுப்பில்லை என்று பிற்காலத்தில் சொல்வார். அந்தச் சந்தேகம் தனக்கு முன்பே இருந்ததாகக் கழகம் பதில் எழுதி, நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுத்தது.

அந்த வருடம் மிளகாய் நன்றாகக் காய்த்தது. ஊரார் கூடி, ஒரு பூந்தொட்டிகூட இல்லாத அவருடைய பெயரையும் நீர்முறைப் பட்டியலில் சேர்த்தார்கள்: சனிக்கிழமை, அரைமணி நேரம். சனிதோறும் தண்ணீர் படியேறி வந்து, அவர் வாசலில் அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போகும்.