ரெட்டை வேகத்தை விட்ட கதை

அணியில் அவளை எல்லோரும் ரெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். புதுப் பந்தை வாங்கி வேகமாக வீசுவாள். ஆறாவதாக இறங்கி மட்டையும் பிடிப்பாள். ஒரே சீருடைக்குள் இரண்டு ஆள் இருப்பதாக மேனேஜர் பெருமையடித்துக்கொள்வார்.

முப்பத்தொரு வயதில் அவள் முதுகெலும்பில் விரிசல் விழுந்தது. ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "இது ஆறிடும். ஆனா மறுபடி வேகமா வீசினா மறுபடி விழும். மட்டை பிடிங்க, ஓடுங்க. அந்த வேகத்தை மட்டும் மறந்துடுங்க" என்றார்.

"அதனால என்னம்மா? பேட்டிங் மட்டும் ஆடேன்" என்றார் மேனேஜர்.

மட்டை மட்டும் பிடிக்க அணியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தவிர, பாதி ஆளாக மைதானத்தில் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை.

"வேகமா வீசக்கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னார். வீசவே கூடாதுன்னு சொல்லலையே. ஸ்பின் போடுறேன் சார்."

"இந்த வயசுலயா? கை பழக வேண்டாமா?"

"என் கை சார். நான் சொன்னா கேக்கும்."

ஆட்டமில்லாத மாதங்களில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே, கார் நிறுத்துமிடத்தில், பயிற்சி தொடங்கியது. பந்தைப் பிடிக்கக் கிடைத்த ஆள் அவள் கணவன். தையல்காரன், கிரிக்கெட்டில் அவனுக்கு ஆனா ஆவன்னா தெரியாது. பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தூணோரம் குந்தியிருப்பான். முதல் சில வாரங்கள் பந்து சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவள் விரலில் தோல் கிழிந்தது, ஆறியது, மறுபடி கிழிந்தது. ஒருநாள் பந்து பக்கத்து வீட்டுக்காரரின் கார் கதவைப் பதம் பார்த்தது. அவர் கத்திக்கொண்டு வருவதற்குள் மாமியார் படியிறங்கிவிட்டாள்.

"என் மருமக வேலை பார்க்குற இடம் இது. ஒடுக்கை நாங்க எடுத்துத் தர்றோம். நாளையிலேர்ந்து வண்டியை அந்தக் கோடிக்குத் தள்ளிப் போடுங்க!"

மறுநாள் அவர் கார் அந்தக் கோடியில் நின்றது.

பிறகு ஒரு சாயங்காலம், நேராக வந்த பந்து தரையில் பட்டதும் வெடுக்கென்று திரும்பிக் கணவனின் முழங்காலுக்குக் கீழே தாக்கியது.

"ஐயோ! நேராத்தானே வந்துச்சு?"

"திரும்பிடுச்சுங்க! பார்த்தீங்களா, திரும்பிடுச்சு!" அவள் குதித்தாள்.

"எனக்குக் காலே போச்சு, நீ குதிக்கிறே" என்றவன், தேய்த்தபடியே சிரித்துவிட்டான்.

போட்டிகள் தொடங்கின. கேப்டன் அவளைவிட வயதில் சிறியவள். மரியாதைக்குக் குறைவில்லை, எத்தனை முறை கேட்டும் பந்து மட்டும் கைக்கு வரவில்லை. அரையிறுதி வரை ரெட்டை மட்டையால்தான் பிழைப்பை ஓட்டினாள். அன்று அணியின் ஒரே ஸ்பின்னர் கணுக்கால் பிசகி வெளியே போனாள். எதிரணியில் மட்டை பிடித்த இருவரும் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரெட்டை போய்க் கையை நீட்டினாள்.

"என்கிட்ட குடு."

"அக்கா, இப்ப ரிஸ்க் எடுக்க முடியாதுக்கா."

"இப்படியே விட்டா மட்டும் ஜெயிக்கப்போறோமா? குடு."

முதல் பந்தே எல்லைக் கயிற்றைத் தாண்டி ஆள்கள் நடுவில் போய் விழுந்தது. கேப்டனின் முகம் செத்துப்போனது. ரெட்டைக்கோ உள்ளூரச் சந்தோஷம். எத்தனையோ வருஷம் மட்டை பிடித்தவளுக்குத் தெரியாதா, சிக்ஸர் அடித்தவளுக்கு அடுத்து என்ன பசி எடுக்கும் என்று! அதே பந்து மாதிரியே போட்டாள். ஆனால் இன்னும் உயரமாக, இன்னும் மெதுவாக. அடிக்க இறங்கி வந்தவளை ஏமாற்றிப் பந்து திரும்பியது. கீப்பர் ஸ்டம்பைச் சாய்த்தாள். அடுத்த ஓவரில் மற்றவளும் கிளம்பினாள்.

கேப்டன் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அக்கா, இவ்வளவு நாள் ஏன்க்கா கேக்கலை?"

"கேட்டேன்டி. உனக்குத்தான் காது கேக்கலை."

பிறகு மட்டையோடு இறங்கியவள், வெற்றிக்கான ரன்னை எடுத்த பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

அதன்பின் ஏழு வருஷம் ஆடினாள். புதிதாகப் பார்க்க வந்தவர்கள் அவளைப் பிறவி ஸ்பின்னர் என்றே நினைத்தார்கள். மூச்சிரைக்க ஓடிவந்து வீசும் அவளுடைய பழைய படத்தைக் கண்டு, "இது உங்க தங்கச்சியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமா," என்றாள் ரெட்டை. "நல்லா ஆடுவா. கொஞ்சம் அவசரக்காரி."