ராசியான கயிறு

என் மாமனார் வெள்ளியங்கிரிக்குக் கோபமே வராது. எனக்கு எரிச்சல் வருவதே அதனால்தான். சண்டை போடுகிற மனிதரை என்றைக்காவது ஜெயித்துவிடலாம். "அதுக்கென்ன கண்ணு, செஞ்சுபோடலாம்" என்று தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி நடக்கிறவரை என்ன செய்வது?

வெள்ளகோவிலில் எங்களுக்குப் பிளாஸ்டிக் கயிறு ஆலை. நான் கோயம்புத்தூரில் பாலிமர் படித்துவிட்டு இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டவள். கயிற்றுப் பிளாஸ்டிக்கோடு பழைய தண்ணீர் பாட்டில் சில்லைக் கலந்து உருக்கி இழுத்தால், அந்தப் பாட்டில் பிளாஸ்டிக் உள்ளுக்குள்ளேயே மெல்லிய நாராக நீண்டு கயிற்றுக்கு வலு கொடுக்கும் என்று சொல்லி, ஓர் இயந்திரத்தைக் கேட்டு வாங்கியிருந்தேன். மாதக்கணக்கில் ஓட்டியும் நார் வரவில்லை. கயிறு பட் பட்டென்று அறுந்தது.

"வெள்ளிக்கெழம கடைசியா ஒருக்கா ஓட்டிப் பாரம்மணி. ஆகுலீன்னா பழைய கயித்தையே ஓட்டிக்கலாம். நீயும் ஊட்டுல கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்றார் மாமா. ரெஸ்ட் என்றால் என்னவென்று எந்த மருமகளைக் கேட்டாலும் சொல்வாள். அதற்கப்புறம் ஆலைக்குள் கால் வைக்க முடியாது.

நார் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பாட்டில் பிளாஸ்டிக் உருண்டை உருண்டையாக நின்றது. வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இது புரியும். கம்பிப் பதத்தில் இழுத்தால் இழை வரும், முற்றிய பாகை உருட்டத்தான் முடியும். பாட்டில் சில்லு உருகினாலும் தடித்துத்தான் கிடந்தது. சுற்றியிருந்த கயிற்றுப் பிளாஸ்டிக் இளகி ஓடியது. இளகியது எவ்வளவு இழுத்தாலும் தடித்தது நீளவில்லை. பாட்டில் சில்லு வேண்டாம், பாலியெஸ்டர் நூல் மில் கழிவு வாங்குங்கள், அது இளக்கமாக உருகும் என்று தொண்டை வறளச் சொன்னேன். "செரி கண்ணு" என்பார். மறுபடியும் பாட்டில் சில்லு மூட்டையே வந்து இறங்கும். கேட்டால், "பங்காளி குடுக்கறான், வேண்டாமுன்னு எப்படி மூஞ்சியப் பாத்துச் சொல்றது?"

வெள்ளிக்கிழமை சில்லை உலர்த்தியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வந்தேன். ஈரத்தோடு உருக்கக் கூடாது என்பது முதல் பாடம். ஈரம் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளை அறுத்துவிடும். திரும்பி வந்தால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. உலர்த்தியில் நான் போட்டது போட்டபடியே இருக்கிறது.

"காயாத மூட்டையையா கொட்டுனீங்க மாமா?"

"பத்தரைக்கு ராகு காலம் பொறந்துருமல்ல கண்ணு. உள்ள போற சூட்டுல அது தானாக் காஞ்சுக்கும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கடைசி வாய்ப்பைப் பஞ்சாங்கம் பார்த்துக் கெடுத்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சகாயம் அண்ணன் வந்தார். தொண்டாமுத்தூரில் பாகல், புடலைப் பந்தலுக்குக் கயிறு விற்பவர். புதுக்கயிற்றைத் தூணில் சுற்றி, காலை உதைத்து இழுத்தார். அறவில்லை. மறுபடி இழுத்தார். "இது பந்தலத் தாங்குமுங்க" என்றார்.

ஓடிப்போய் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். உருண்டையைக் காணோம். எங்கு பார்த்தாலும் மயிரிழை போன்ற நார். ஈரம் சங்கிலிகளை அறுத்து, தடித்த உருகலைத் தேவையான அளவுக்கு நீர்க்க வைத்திருந்தது. இது குருட்டு அதிர்ஷ்டம், இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்திருந்தால் கயிறு நொறுங்கியிருக்கும் என்று மாமாவிடம் பொறுமையாக விளக்கினேன். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுச் சகாயம் அண்ணனிடம் திரும்பி, "நல்ல நேரத்துல போட்டதும், எங்க மருமக லோகப்பிரியா ராசியும். பாத்தீங்களா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ராசியில்லீங்க மாமா. நூல் மில் கழிவு வாங்கிக் குடுங்க. நல்லாக் காயவெச்சு, திங்கக்கெழம ராகு காலத்துலயே ஓட்டறேன். அப்பவும் நாராச்சுன்னா, எம்படிப்புதான் காரணமுன்னு உங்க வாயால சொல்லோணும்."

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சகாயம் அண்ணன் முன்னால் மறுக்க முடியாமல், "செரி கண்ணு" என்றார். இந்த முறை உண்மையாகவே கழிவு வந்தது.

திங்கட்கிழமை ராகு காலம் பிறந்த பிறகு சுவிட்சைப் போட்டேன். மாமா உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். வெள்ளிக்கிழமைக் கயிற்றைவிட இது இன்னும் உறுதியாக வந்தது. கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். சகாயம் அண்ணனும் பக்கத்தில் இருந்தார். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். அறவில்லை. அவர் கண் கலங்கியது. எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும் என்று நின்றேன்.

"இனி இந்த மில்ல நீயே பாத்துக்க அம்மணி" என்றார். பிறகு சகாயம் அண்ணனைப் பார்த்து, "ராகு காலத்துலயே இப்பிடி வருதுன்னா, எங்கம்மணி ராசி எப்பேர்ப்பட்ட ராசின்னு பாத்துக்கங்க" என்றார்.

சகாயம் அண்ணன் மரியாதையாகத் தலையாட்டினார். "செரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூட்டையைக் காயப்போடப் போனேன்.